‘ஊசிச் சோதனை வேண்டாம், ரத்தப் பரிசோதனையே போதும்’ என்கிறார்கள்... என்ன செய்வது டாக்டர்?

தேனிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை, அதனால் மாமியாரே அவருக்கு அம்மாச்சி. நான்கு வருடத்துக்கு முன்னால் முதல் குழந்தை, ஆண். ஏழாம் மாதத்துக்கு மேல் ரத்த அழுத்தம் ஏறி, 36ஆவது வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். மூன்று மாதமாகியும் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, கால் உதைக்கவில்லை, பால் குடித்தால் புரையேறும். “ஆனால் முகம் பார்த்து அப்படிச் சிரிப்பான் டாக்டர்” என்று எழுதியிருக்கிறார். எட்டாம் மாதத்தில் நிமோனியா வந்து போய்விட்டான். அதற்கு முன் மதுரையில் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் “எஸ்.எம்.என். டெலீஷன்னு என்னமோ இருந்தது”, ஃபைல் பீரோவில் இருக்கிறது, அதற்கப்புறம் யாரும் அதைத் திறக்கவில்லை.

இப்போது மறுபடி கர்ப்பம், கடிதம் எழுதிய அன்று 12 வாரம் 3 நாள். என்.டி. ஸ்கேனும் (கருவின் கழுத்துப் பின்பக்கத் திரவத்தை அளப்பது) ரத்தப் பரிசோதனையும் செய்ததில் டவுன் சிண்ட்ரோமுக்கு ‘190ல் 1, ஹை ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. “15,000 ரூபாய்க்கு என்.ஐ.பி.டி. என்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும், ஊசி போடவே வேண்டாம்” என்று லேபில் சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் ஊசி இறக்கிச் சோதித்தால் கரு கலைந்துவிடும் என்கிறார் அம்மாச்சி. கணவர் பேசுவதே இல்லை. நாத்தனார் முறையில் ஒருவர், “அது ஆம்பளப் பிள்ளைக்குத்தான் வரும், பொண்ணா இருந்தா பயமில்ல, ஸ்கேன்ல யாரையாவது பிடிச்சு கேட்டுப் பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் இவர் கேட்பது இதுதான்: “சொந்தத்துல கட்டினதுக்குத் தண்டனையா இது? நான் எந்த டெஸ்ட் எடுக்கணும்?”

(வாரக் கணக்கு நமக்காகக் காத்திருக்காது என்பதால் கடிதம் கைக்கு வந்த அன்றே அவருக்குச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். இது விரிவான பதில். இதே இடத்தில் நிற்கிற வேறு பலருக்கும் உதவும்.)

அம்மா, முதலில் அந்த 190ல் 1ஐப் பார்ப்போம், உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது அதுதான் என்று கடிதமே சொல்கிறது. அதற்கு அர்த்தம், இதே எண் வந்த 190 பெண்களில் ஒருவருடைய கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், மீதி 189 பேருக்கு இருக்காது என்பதுதான். ‘ஹை ரிஸ்க்’ என்று சிவப்பு எழுத்தில் அடித்திருப்பார்கள்; 250ல் 1 என்ற மாதிரி ஒரு கோட்டை வைத்துக்கொண்டு அதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் தானாக அடிக்கிற வார்த்தை அது. இன்னொன்றும் சொல்கிறேன். 36 வயதில் கருத்தரித்தால், எந்தப் பரிசோதனையும் செய்யாமல் வெறும் வயதை வைத்தே 12ஆவது வாரத்தில் கணக்கு ஏறக்குறைய 200ல் 1தான். உங்கள் ரிப்போர்ட்டில் கருவின் கழுத்துப் பின்பக்கத் திரவம் 1.4 மில்லிமீட்டர் என்றிருக்கிறது, அது இயல்பான அளவு. மூக்கெலும்பும் தெரிகிறது. ஆகவே அந்தத் தாள் சொல்வது பெரும்பாலும் உங்கள் வயதைத்தான்; ஸ்கேனில் யாரும் எந்தக் குறையையும் பார்க்கவில்லை.

சொந்தத்தில் கட்டியதற்கும் டவுன் சிண்ட்ரோமுக்கும் சம்பந்தமில்லை. கருமுட்டை உருவாகும்போது 21ஆம் குரோமோசோம் பிரியாமல் கூடுதலாக ஒன்று வந்துவிடுவதால் ஏற்படுவது அது. அதற்கான வாய்ப்பு அம்மாவின் வயதோடு கூடும். அந்நியத்தில் கட்டியிருந்தாலும் 36 வயதுக்கு இதே கணக்குதான்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்காக. கடிதத்தில் நீங்கள் அதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்: பீரோவில் இருக்கிற அந்த ஃபைல்.

நீங்கள் சொல்கிற அறிகுறிகளும், ‘எஸ்.எம்.என். டெலீஷன்’ என்ற வார்த்தையும் சேர்ந்தால், உங்கள் மகனுக்கு இருந்தது எஸ்.எம்.ஏ., அதாவது முதுகுத்தண்டிலிருந்து தசைகளுக்குப் போகிற நரம்பணுக்கள் நலிந்துபோகிற நோய். எஸ்.எம்.என்.1 என்கிற மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வர வேண்டும். இரண்டிலும் ஒரு பகுதி இல்லாமல் போனால்தான் நோய். அறிவு மங்காது, முகம் பார்த்துச் சிரிக்கும், தசைக்குத்தான் பலம் இருக்காது. உங்கள் மகன் அப்படிச் சிரித்ததற்குக் காரணம் அதுதான்.

ஒரே ஒரு பிரதியில் குறை இருப்பவருக்கு ஒரு தொந்தரவும் வராது, ஆயுசு முழுக்கத் தெரியாமலேயே போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஊரில் ஏறக்குறைய 50 பேருக்கு ஒருவர் இருக்கிறார்கள். நீங்களும் உங்கள் கணவரும் அப்படிப்பட்டவர்கள் என்றுதான் முதல் குழந்தையை வைத்துக் கணிக்க முடிகிறது. தாய்மாமனும் நீங்களும் ஒரே குடும்பத்து மரபணுக்களைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் என்பதால் இரண்டு பேரிடமும் ஒரே குறை இருக்க வாய்ப்பு கூடியது, அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் தண்டனை என்ற வார்த்தைக்கு இங்கே இடமே இல்லை. சொந்தமே இல்லாத தம்பதிகள் இதே நோயோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஓடி வருகிற ஒன்றுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்?

இந்தக் கர்ப்பத்துக்கு என்ன வாய்ப்பு என்றால், நான்கில் ஒன்று. தாயம் விளையாட ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை இரண்டை உருட்டிப் பாருங்கள், இரண்டும் வெள்ளையாக விழுவதற்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவு. போன தடவை இரண்டும் வெள்ளையாக விழுந்தது என்பது கொட்டைக்கு ஞாபகம் இருக்காது. ‘ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது’ என்று உங்கள் அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் உருட்டுவது புதிதாகத்தான். அதேபோல, நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு குழந்தைக்கு இந்த நோய் இல்லாமல் இருப்பதற்குத்தான்.

190ல் 1ஐயும் 4ல் 1ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடே சின்ன எண்ணைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறது, பெரிய எண் பீரோவுக்குள் இருக்கிறது.

என்.ஐ.பி.டி. எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

லேபில் சொன்னது பாதி உண்மை. உங்கள் ரத்தத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்ந்து கலந்திருக்கும் டி.என்.ஏ. துணுக்குகளை எண்ணிப் பார்க்கிற பரிசோதனை அது. டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பதில் மிக நல்லது, நூற்றுக்கு 99 பிடித்துவிடும். ஆனால் அங்கேயும் அது வடிகட்டுகிற சோதனைதான், ‘இருக்கலாம்’ என்று வந்தால் ஊசிச் சோதனையில் உறுதிசெய்தே ஆக வேண்டும். வழக்கமாக எடுக்கிற என்.ஐ.பி.டி. குரோமோசோம்களின் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, எஸ்.எம்.ஏ. இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. நெல் மூட்டைகளை எண்ணுகிறவரிடம் உள்ளே கருக்காய் எவ்வளவு என்று கேட்பது மாதிரி.

என்னிடம் ஏழாம் மாதக் கர்ப்பத்தோடு ஒருவர் வந்தார், உங்களைப் போலவே முதல் குழந்தையை இழந்தவர், வேறொரு பரம்பரை நோயில். ‘எல்லாம் நார்மல்’ என்று ஒரு பளபளப்பான ரிப்போர்ட்டைப் பத்திரமாக லேமினேட் செய்து வைத்திருந்தார். அதில் நார்மல் என்று இருந்தது மூன்று குரோமோசோம்களுக்கு மட்டும். அவர் பயந்த நோய் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை, அவர் என்ன கேட்கிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் மாதத்தில் உறுப்புகளைப் பார்க்கிற அனாமலி ஸ்கேனும் உங்களுக்கு இதில் உதவாது, எஸ்.எம்.ஏ. உள்ள கரு ஸ்கேனில் பெரும்பாலும் அழகாகவே இருக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை தருவது ஊசிச் சோதனைதான். ஒரே மாதிரியில் எஸ்.எம்.ஏ.வையும் பார்க்கலாம், குரோமோசோமையும் பார்க்கலாம். அந்த 15,000 ரூபாயை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஊசியைப் பற்றி அம்மாச்சியிடம் சொல்ல

இரண்டு வகை இருக்கிறது. 11 வாரம் முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளியளவு திசு எடுப்பது சி.வி.எஸ். 15 வாரம் முடிந்த பிறகு பனிக்குட நீரை எடுப்பது ஆம்னியோசென்டெசிஸ். இதை நீங்கள் படிக்கும்போது 13 வாரத்தைத் தாண்டியிருப்பீர்கள், சி.வி.எஸ்.ஸுக்கு இன்னும் சில நாள் இருக்கலாம், தவறினால் இரண்டு வாரம் பொறுத்து ஆம்னியோ. இரண்டில் எது என்று நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து நிபுணர் சொல்வார். எதுவானாலும் பிழையில்லை.

எப்படிச் செய்வார்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். மயக்கம் கிடையாது. ஸ்கேன் அறையிலேயே படுக்கவைத்து வயிற்றை மருந்து வைத்துத் துடைப்பார்கள், சில்லென்று இருக்கும். ஸ்கேன் கருவியை ஒரு கையில் பிடித்தபடி மறு கையில் மெல்லிய நீளமான ஊசியை இறக்குவார்கள். திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், குழந்தை எங்கே, கோடு எங்கே என்று நீங்களே பார்க்கலாம். ஆம்னியோ என்றால் 15 முதல் 20 மில்லி, வைக்கோல் நிறத்தில் தெளிந்த தண்ணீர். முதலில் வருகிற ஒன்றிரண்டு மில்லியைத் தனியே வைத்துவிடுவார்கள், அதில் உங்கள் செல்கள் கலந்திருக்கலாம் என்பதால். சி.வி.எஸ். என்றால் உப்புநீரில் விட்டதும் வெள்ளைப் பாசி மாதிரி கிளை கிளையாக மிதக்கும். குத்தும்போது சுருக்கென்றும், அப்புறம் மாதவிடாய் வலி மாதிரியும் இருக்கும். மொத்தமே சில நிமிட வேலை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஒன்றிரண்டு நாள் குடம் தூக்காமல் இருந்தால் போதும்.

கரு கலைவதா? அம்மாச்சி சொல்வதில் ஒரு பழைய உண்மை இருக்கிறது. முன்பெல்லாம் நூற்றுக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இன்று பழகிய கை செய்தால் 200ல் ஒன்றுக்கும் குறைவு. அதே சமயம் பூஜ்யம் இல்லை, அதையும் நீங்கள் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கம் 200ல் ஒன்றுக்கும் கீழே, இன்னொரு பக்கம் நான்கில் ஒன்று. இதை வைத்து முடிவெடுங்கள். செய்கிறவரிடம் “மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?” என்று தைரியமாகக் கேளுங்கள், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு நீர் கசிவு, ரத்தம், காய்ச்சல், விடாத வலி என்று எது வந்தாலும் காத்திருக்காமல் போக வேண்டும். உங்கள் ரத்த வகையை எழுதவில்லை, நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூடவே, உங்கள் இருவர் ரத்தத்தையும் அனுப்பி நீங்கள் அந்தக் குறையைக் கடத்துபவர்கள்தானா என்று உறுதிசெய்வார்கள். எஸ்.எம்.ஏ. குழந்தைகளில் நூற்றில் இரண்டு பேருக்கு ஒரு பிரதியின் குறை பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே ஏற்பட்டிருக்கும், அப்படியானால் இந்த நான்கில் ஒன்று என்ற கணக்கே மாறிவிடும். இதைத் தனியாக முடித்துவிட்டு அதற்கப்புறம் ஊசி என்று நாளைக் கடத்த வேண்டாம், இரண்டையும் சேர்த்தே பேசுங்கள்.

ஆணா பெண்ணா என்ற பேச்சு

நாத்தனார் குழப்பிக்கொண்டது வேறு ஒரு தசை நோயோடு. டுஷேன் என்று ஒன்று உண்டு, அது பெரும்பாலும் பையன்களுக்கு வரும். எஸ்.எம்.ஏ. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வரும். ஆகவே அந்த விவரம் உங்களுக்கு எந்த வகையிலும் பயன்படாது. தவிர, கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கிற 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்கிறவருக்கும் தண்டனை உண்டு; கேட்கிற சொந்தக்காரர்களுக்கும் முதல் தடவையே மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘யாரையாவது பிடிச்சு’ என்பதை அந்தப் பேச்சோடு விட்டுவிடுங்கள்.

அதே சட்டம்தான் உங்களுக்கு இந்தச் சோதனைக்கான வழியையும் திறந்துவைக்கிறது. 35 வயதுக்கு மேல், குடும்பத்தில் மரபணு நோய் என இரண்டு காரணமும் உங்களுக்கு இருக்கிறது. சோதனைக்கு முன் பக்கவிளைவுகளை விளக்கி, உங்களுக்குப் புரிகிற மொழியில் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்க வேண்டும், அதன் நகலை உங்களிடம் தர வேண்டும். ஆங்கிலத் தாளை நீட்டி “இங்க போடுங்கம்மா” என்றால், தமிழில் கேளுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால்

இதைப் பேசாமல் சோதனைக்கு அனுப்புவது சரியில்லை. எஸ்.எம்.ஏ. இருக்கிறது என்று வந்தால் உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கும், இரண்டுமே கடினம்.

கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று நினைத்தால், 2021ல் திருத்திய சட்டப்படி 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்து போதும். கருவுக்குக் கடுமையான பாதிப்பு என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் அனுமதி உண்டு. ஆனால் வாரம் ஏற ஏற உடம்புக்கும் மனசுக்கும் பாடு அதிகம், இப்போதே ஓடச் சொல்வது அதனால்தான். சட்டம் கேட்பது உங்கள் ஒப்புதலை மட்டும். கணவர் கையெழுத்து வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள். 18 வயது நிறைந்த பெண்ணுக்குச் சட்டப்படி அது தேவையில்லை.

தொடர்வது என்று முடிவெடுத்தால் அதுவும் உங்கள் உரிமை, யாரும் உங்களை மிரட்டக் கூடாது. உங்கள் மகன் காலத்தை விட இன்று வழிகள் கொஞ்சம் திறந்திருக்கின்றன. 16 கோடி ரூபாய் ஊசி என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள், அது இதே நோய்க்குத்தான். வாயால் கொடுக்கிற ரிஸ்டிப்ளாம் என்ற மருந்தும் இந்தியாவில் அனுமதி பெற்றிருக்கிறது. அறிகுறி தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்தால் பலன் வெகுவாகக் கூடும். ஆனால் விலை நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இல்லை, விண்ணப்பம், நிதி உதவி, நீதிமன்றம் என்று அலைச்சல். தெரிந்தே இறங்குங்கள். ‘எது வந்தாலும் தொடர்வேன்’ என்பவர்களுக்குக்கூட முன்னாலேயே தெரிவது பிரசவம் எங்கே, மருந்துக்கு யாரைப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்ய உதவும். அதற்கும் ஊசி வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், பிறந்த உடனே குழந்தையின் ரத்தத்தில் பார்க்கலாம், அந்த முடிவையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் உடம்பை மறந்துவிட்டீர்கள்

நான்கு பக்கத்தில் போன தடவை ஏறிய ரத்த அழுத்தத்துக்கு ஒன்றரை வரி! அது திரும்ப வரக்கூடிய விஷயம். குறைந்த அளவு ஆஸ்பிரினை, வழக்கமாக 150 மில்லிகிராம், இரவில், 16 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை எடுத்தால், நாள் நிறையும் முன்பே வருகிற வகை ரத்த அழுத்தச் சிக்கல் பாதிக்கும் மேல் குறைகிறது என்று 2017ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள், ஆனால் அடுத்த முறை போகும்போது “எனக்கு வேண்டுமா?” என்று கட்டாயம் கேளுங்கள். ஊசிச் சோதனை செய்பவருக்கும் அதைத் தெரிவியுங்கள். அப்புறம் சர்க்கரைப் பரிசோதனை, வளர்ச்சி ஸ்கேன், ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் எல்லாம் வழக்கத்தை விட நெருக்கமாக இருக்கும். பிரசவத்தை சீமாங் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையம்) உள்ள பெரிய அரசு மருத்துவமனையிலோ, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தைப் பதிந்து தருகிற பிக்மி எண் வாங்காமல் இருந்தால் கிராம செவிலியரிடம் இந்த வாரமே பதியுங்கள், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர் கர்ப்பிணிகளை இலவசமாகப் பார்க்கிறார்.

தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ, முகம் திடீரென்று வீங்கினாலோ ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிடுங்கள். போன தடவை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் பேசாமல் இருப்பதை அக்கறையின்மை என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரும் அந்தப் பையனைத் தூக்கிச் சுமந்தவர். ‘உன் ரத்தத்திலும் இருக்கிறது’ என்று யாரோ சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்கூட இருக்கலாம். மதுரையிலேயே கருவின் குறைகளைப் பார்க்கிற ஃபீட்டல் மெடிசின் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், முடிந்தால் அம்மாச்சியையும். ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து மருத்துவர் வாயாலேயே கேட்டால் அவர் மனம் மாறலாம்.

போகும்போது அந்த ஃபைலை எடுத்துப் போங்கள். அதில் மகன் பெயர் எழுதிய தாளைப் பார்க்க மனசு வராது என்று எனக்குத் தெரியும். நீங்கள் திறக்க வேண்டாம், உங்கள் மாமாவை எடுத்து ஒரு மஞ்சப்பையில் போடச் சொல்லுங்கள். மருத்துவர் பார்க்க வேண்டியது மரபணு ரிப்போர்ட் இருக்கிற அந்த ஒரு தாளைத்தான்.